இரண்டாய்ப் பிளந்த பருவம்

ரஞ்சிக் கோப்பையை மழைக்கும் பனிக்கும் நடுவே எங்கே பொருத்துவது? உள்ளூர் கிரிக்கெட்டின் விசுவாசிகளுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை.

டெல்லி பெரோஸ் ஷா கோட்லா, 2025 ஜனவரி 30. குளிர் இன்னும் விடவில்லை. ஆனால் விடியும் முன்பே வாசலில் நீண்ட வரிசை. அனுமதி இலவசம். டெல்லிக்கும் ரயில்வேக்கும் இடையிலான ரஞ்சிக் கோப்பை லீக் ஆட்டத்துக்கு இப்படி ஒரு கூட்டம் வந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு விராட் கோலி தன் மாநில அணிக்கு ஆட வந்திருந்தார். மறுநாள் காலை அவர் பதினைந்து பந்துகளைச் சந்தித்து ஆறு ரன் எடுத்தார். ஹிமான்ஷு சங்வானின் பந்தில் ஆஃப் ஸ்டம்ப் எகிறியது. கூட்டம் கரையத் தொடங்கியது. டெல்லி அந்த ஆட்டத்தை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்ததைப் பார்க்க வழக்கமான முகங்களே மிஞ்சின.

அந்த வழக்கமான முகங்கள்தான் இந்த விவகாரத்தின் நாயகர்கள். எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த மாணவர், ஒரு காலத்தில் லீக் கிரிக்கெட்டில் லெக் ஸ்பின் போட்டவர். கையில் டிபன் டப்பா, தலைக்கு மேல் மர நிழல். நட்சத்திரம் வந்தாலும் வராவிட்டாலும் வருபவர்கள். கோலியின் ஆறு ரன்னைவிட இவர்களை அதிகம் பேசவைத்த விஷயம், அந்த ஆட்டம் நடந்த தேதி.

2024-25 பருவத்தில் ரஞ்சிக் கோப்பை முதல் முறையாகத் திட்டமிட்டே இரண்டாகப் பிரிக்கப்பட்டது. அக்டோபர் 11ல் தொடங்கி நவம்பர் 16 வரை ஐந்து லீக் சுற்றுகள். பிறகு கடையைக் கட்டிவிட்டு, சையது முஷ்டாக் அலி இருபது ஓவர் போட்டியும் விஜய் ஹசாரே ஒருநாள் போட்டியும். மீண்டும் ஜனவரி 23ல் ரஞ்சி: மிச்சமிருந்த இரண்டு லீக் சுற்று, கால் இறுதி, அரை இறுதி, இறுதி. நடுவே இரண்டு மாதத்துக்கும் அதிகமான இடைவெளி. (இதற்கு முன்பு 2022ல் லீக் ஆட்டங்கள் பிப்ரவரி-மார்ச்சிலும், ஐ.பி.எல். முடிந்த பிறகு ஜூனில் நாக்அவுட் ஆட்டங்களும் நடந்ததுண்டு. அது கொரோனா செய்த கோலம்.)

கிரிக்கெட் வாரியம் இதைச் சும்மா செய்யவில்லை. 2023-24 பருவத்தில் வெள்ளைப் பந்துப் போட்டிகளை முன்னால் முடித்துவிட்டு, ஜனவரி 5 முதல் மார்ச் 14 வரை ரஞ்சியை ஒரே மூச்சில் நடத்தினார்கள். வடக்கே பனிமூட்டம். காலையில் மைதானத்துக்கு வந்த ஆட்டக்காரர்கள் ஸ்வெட்டருக்குள் கையைச் செருகிக்கொண்டு வெளிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். நான்கு நாள் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே பெரும்பாலும் மூன்று நாள்தான். அதிலும் ஒரு நாள் பயணத்துக்குப் போய்விடும். அரை இறுதியில் தமிழ்நாட்டுக்கு எதிராகச் சதம் அடித்த கையோடு மும்பையின் ஷர்துல் தாக்கூர் இதைப் பகிரங்கமாகவே சொன்னார்: இப்படியே இன்னும் இரண்டு பருவம் போனால் நாடு முழுக்கக் காயம்பட்டவர்கள்தான் இருப்பார்கள். வேகப் பந்து வீச்சாளர் சொன்னால் அது புலம்பல் ஆகாது, மருத்துவ அறிக்கை.

அக்டோபரில் தொடங்கினால் பனி இல்லை. முதல் சுற்றிலேயே ஜம்மு-காஷ்மீர் அணி ஸ்ரீநகரில் மகாராஷ்டிரத்தை எதிர்கொண்டது. ஜனவரியில் அங்கே மட்டையையும் பந்தையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா? சொந்த ஊரில் தங்கள் அணியைப் பார்க்கக் கிடைத்த ஸ்ரீநகர் ரசிகர்களைப் பொறுத்தவரை, விவாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் தெற்கிலும் கிழக்கிலும் அங்கேதான் தொடங்கியது. அக்டோபர் என்றால் மழை என்பது சென்னைவாசிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2024ல் இரண்டாவது சுற்றிலேயே வானம் பழி தீர்த்தது. பெங்களூரை அடுத்த ஆலூரில் கர்நாடகம்-கேரளம் ஆட்டம் ஒரு இன்னிங்ஸ்கூட முடியாமல் கரைந்தது. கல்யாணியில் வங்காளமும் பிகாரும் ஒரு பந்துகூட வீசாமல் புள்ளியைப் பங்கிட்டுக்கொண்டன. ஏழே ஏழு லீக் ஆட்டம் உள்ள பருவத்தில் ஒன்று அடித்துக்கொண்டு போவது சாமானிய நஷ்டம் இல்லை. வடக்கு ரசிகர் பனியிலிருந்து தப்பினார். அந்தக் கணக்கைத் தெற்கு ரசிகர் குடை பிடித்துத் தீர்த்தார்.

அப்படியானால் பனியும் மழையும் இல்லாத மாதம் எது? மூத்த ரசிகர்கள் உடனே 1991ஐ இழுக்கிறார்கள். அந்த ஆண்டு ரஞ்சி இறுதி ஆட்டம் மே மாதத்தில் நடந்தது. வாங்கடே மைதானத்தில் கபில்தேவின் ஹரியானா, பம்பாயை இரண்டே ரன்னில் வென்றது. 139 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்ற வெங்சர்க்கார் கண் கலங்கினார். பார்த்தவர்கள் இன்றும் அதை நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். 2008 முதல் ஏப்ரலும் மேயும் ஐ.பி.எல்.லுக்குப் போய்விட்டன. 2025ல் அது மார்ச் 22ல் தொடங்கி ஜூன் 3ல் முடிந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஆக, ரஞ்சிக்கு மிஞ்சுவது அக்டோபர் முதல் மார்ச் முதல் வாரம் வரை. இந்த ஐந்து மாதத்துக்குள் இன்னும் இரண்டு போட்டிகளும் நுழைய வேண்டும்.

இதுதான் விவாதத்தின் முடிச்சு. பிளவை எதிர்ப்பவர்களின் வாதத்தில் கனம் இருக்கிறது. ஒரு அணியின் கதையை ரசிகன் தொடர்ந்து படிக்க வேண்டும். ஐந்தாம் அத்தியாயத்தில் புத்தகத்தைப் பிடுங்கி இரண்டு மாதம் கழித்துக் கொடுத்தால் யார் எங்கே விட்டார்கள் என்பதே மறந்துபோகும். நவம்பரில் சிவப்புப் பந்தில் கை பழகிய இளைஞன், இருபது ஓவருக்காகத் தன் ஆட்டத்தை மாற்றிக்கொண்டு, ஜனவரியில் மறுபடி பழைய ஆளாக வேண்டும். விஜய் ஹசாரே இறுதி ஆட்டம் ஜனவரி 18ல், ரஞ்சி 23ல்.

இதற்கு எதிர்த் தரப்பு ஒரே ஒரு பெயரைச் சொல்லி வாயடைக்கிறது: கருண் நாயர். 2016ல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துக்கு எதிராக முச்சதம் அடித்துவிட்டுக் காணாமல் போனவர், இந்தப் பிளந்த பருவத்தில் விதர்பாவுக்காக விஜய் ஹசாரேயில் ஐந்து சதங்களுடன் 779 ரன் குவித்தார். ரஞ்சியில் 863. இறுதி ஆட்டத்தில் 86, 135. அந்த வேகத்தில் 2025 ஜூனில் இங்கிலாந்தில் மீண்டும் டெஸ்ட் ஆடினார். பந்தின் நிறம் அவரைக் குழப்பவில்லை. ஆனால் முப்பது வயதைத் தாண்டிய, எல்லாம் பார்த்துவிட்ட ஒருவரை உதாரணம் காட்டி இருபது வயதுப் பையனின் சிரமத்தை மறுக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

நடுவில் வைத்த முஷ்டாக் அலி போட்டிக்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது: ஏலத்துக்கு முன்பு இளைஞர்கள் தங்களைக் காட்டிக்கொள்ள வாய்ப்பு. நியாயம்தான். ரஞ்சியில் நாற்பது ஆட்டம் கண்ட மூத்தவருக்கே ஒரு நாள் ஊதியம் 60,000 ரூபாய், ஐ.பி.எல். ஏலத்தில் அடிப்படை விலையே 30 லட்சம். ஆனால் 2024ல் முஷ்டாக் அலி நவம்பர் 23ல் தொடங்கியது. ஏலம் 24லும் 25லும் ஜெட்டாவில் நடந்து முடிந்தது. மாப்பிள்ளை தாலி கட்டிய பிறகு பெண் பார்க்கப் போன கதை.

வேறு யோசனைகளுக்கும் பஞ்சமில்லை. மண்டல முறைக்கே திரும்புங்கள் என்கிறது ஒரு கூட்டம். 2002ல் அதைக் கைவிட்டு எலைட், பிளேட் என்று பிரித்த பிறகு, தமிழ்நாடு-கர்நாடகம் போன்ற பங்காளிச் சண்டை ஆண்டுதோறும் நிச்சயமில்லாமல் போய்விட்டது. மண்டல முறையில் பயணமும் குறையும். ஆனால் பலமான மண்டலத்தில் பிறந்த நல்ல அணி வீட்டிலேயே தோற்று வெளியேறிய காலமும் அதுதான். தவிர, அணிகளின் எண்ணிக்கை இப்போது 38. 2018ல் வட கிழக்கு மாநிலங்கள், பிகார், உத்தராகண்ட், புதுச்சேரி என ஒன்பது அணிகள் ஒரே வீச்சில் சேர்ந்தன. அவர்களை விலக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது, வரவும் கூடாது.

எல்லோரும் ஒரே குரலில் நிராகரிக்கும் சீர்திருத்தம் ஒன்று உண்டு. 2016-17ல் எல்லா ஆட்டங்களையும் பொது மைதானங்களில் நடத்திப் பார்த்தார்கள். சொந்த ஊருக்கேற்ப ஆடுகளம் தயாரிப்பதைத் தடுக்கும் நல்ல நோக்கம்தான். விளைவு, இரு அணிகளுக்கும் சம்பந்தமில்லாத ஊரில், ஆளில்லா மைதானத்தில் ஆட்டம். வங்காளம்-குஜராத் ஆட்டம் டெல்லிக்குப் போய், நச்சுப் புகையால் ஒரு பந்துகூட வீசாமல் ரத்தானது. மறு ஆண்டே ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். உள்ளூர் கிரிக்கெட்டில் 'உள்ளூர்' எங்கே என்று ரசிகர்கள் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

தேதியைப் பற்றிய இந்த வழக்கும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. நாட்காட்டி மிச்சத்தைக் கொண்டு தயாராகிறது: சர்வதேச ஆட்டம் எடுத்தது போக, ஐ.பி.எல். எடுத்தது போக, வானம் விட்டது. அந்த மிச்சத்துக்குள் ஒரே தொடரையும் போதிய ஓய்வையும் சேர்த்துக் கேட்பவர்கள், எதைக் குறைப்பது என்று சொல்லத் தயங்குகிறார்கள். முஷ்டாக் அலியை வெட்டினால் பையன்களின் சம்பாத்தியம் போகும். லீக் ஆட்டங்களை வெட்டினால் ரஞ்சியே மெலியும். ஐ.பி.எல்.லில் இரண்டு வாரம் குறைக்கச் சொல்லலாம். சொல்லிப் பார்க்கலாம்.

அதுவரை பிளவுதான் உள்ளதில் குறைந்த கெடுதல் என்று வாரியம் முடிவு செய்திருப்பது தெரிகிறது. 2025-26லும் அதே ஏற்பாடு: அக்டோபர் 15ல் தொடக்கம், ஜனவரி 22ல் இரண்டாம் கட்டம்.

கேரள ரசிகர்கள் இதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. 2024 அக்டோபரில் மழையிடம் புள்ளிகளைப் பறிகொடுத்த அவர்கள் அணி, பிப்ரவரியில் கால் இறுதியில் ஜம்மு-காஷ்மீரை ஒரே ரன் முன்னிலையில் தாண்டியது. அரை இறுதியில் அகமதாபாத்தில் குஜராத்தின் கடைசி மட்டையாளர் அடித்த பந்து, அருகே நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எழும்பிக் கேப்டன் சச்சின் பேபியின் கையில் விழுந்தது. இரண்டு ரன் முன்னிலை. கேரளம் முதல் முறையாக இறுதிக்குப் போனது. நாகபுரியில் முதல் இன்னிங்ஸ் முன்னிலையால் விதர்பா கோப்பையை எடுத்துக்கொண்டது.