பினாங்கு நகரின் பழந்தொழில்கள்

மலாக்கா நீரிணையின் வடபுற வாயிலில் அமைந்துள்ள தீவு பினாங்கு. அதன் தலைநகராக விளங்குவது ஜார்ஜ் டவுன். 1786ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் என்பவர் இந்நகருக்கு அடிகோலினார். துறைமுகத்தில் சுங்கவரி இல்லாமையால் பல நாட்டுக் கப்பல்களும் இத்துறையை நாடி வந்தன. மலாயர், சீனர், தமிழர், அரபியர், ஆர்மீனியர், சுமத்திராவின் அச்சே நாட்டினர் எனப் பல இனத்தாரும் இங்குக் குடியேறினர். ஆர்மீனியர் தெரு, அச்சே தெரு, சூலியா தெரு என்னும் பெயர்கள் அவ்வரலாற்றை இன்றும் நினைவூட்டுகின்றன. சூலியர் என்பது தமிழ் முஸ்லிம் வணிகரைக் குறித்து அக்காலத்தில் வழங்கிய பெயராகும்.

இம்மக்கள் அண்டை அயலாராக வாழ்ந்தமைக்குச் சான்று, முன்னர்ப் பிட் தெரு எனப்பட்ட வீதி. தமிழ் முஸ்லிம்களின் தலைவராகிய காதிர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அங்கு உள்ளது. 1818இல் கட்டப்பெற்ற புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர் வழிபடும் குவான் யின் அம்மையின் கோவில், 1833இல் தோன்றிய மகாமாரியம்மன் கோவில் ஆகியனவும் அதனையொட்டிச் சிறிது தொலைவுக்குள் அமைந்துள்ளன. நான்கு சமயத்தாரின் வழிபாட்டு இடங்களையும் ஒருவர் ஒரே காலைப் பொழுதில் நடந்தே கண்டு வரலாம்.

எனினும், கட்டடங்கள் மட்டும் ஒரு நகரை ஆக்கிவிடுவதில்லை. அங்கு வாழ்வோரின் கைத்தொழில்களே நகருக்கு உயிரூட்டுவன. ஓரினத்தாரின் தேவையை மற்றோரினத்தார் நிறைவேற்றி வந்தமை ஜார்ஜ் டவுன் தொழில்களின் தனிச்சிறப்பு. மலாய் ஆடவர் திருநாள்களிலும் திருமணங்களிலும் அணியும் கறுப்புத் தொப்பிக்குச் சொங்கோக் என்று பெயர். அதனைத் தைத்துத் தந்தோருள் தமிழ் முஸ்லிம்கள் பலர் இருந்தனர். அவர்கள் முதலில் அணிவோரின் தலையை அளந்துகொள்வர். அவ்வளவுக்கேற்பத் தடித்த காகிதத்தை வெட்டி உள்ளே வைத்து, மேலே வெல்வெட்டுத் துணியையும் அடியில் மென்துணியையும் இணைத்துத் தைப்பர். தொப்பி தலையை இறுக்கவும் கூடாது. தளர்ந்து விழவும் கூடாது. அந்த நுட்பம் பல்லாண்டுப் பயிற்சியால் வருவது.

சீனக் கடைகளின் வாயிலை அணிசெய்யும் பெயர்ப்பலகையும் இத்தகையதே. எழுத்துக்கலை வல்லவர் தூரிகையால் காகிதத்தில் பெயரை எழுதுவார். அக்காகிதத்தைப் பலகையின்மேல் ஒட்டி, மையின் வளைவு சிறிதும் பிறழாமல் உளியால் செதுக்குவர். பின்னர் அவ்வெழுத்துகளின்மீது பொன் தகடு பதிப்பர். கோவில்களில் ஏற்றப்பெறும் ஊதுபத்தியும் கையாலேயே செய்யப்பட்டு வந்தது. சந்தனத்தூளோடு பசைத்தன்மையுள்ள மரப்பட்டைத்தூளைக் கலந்து, நீர்விட்டுப் பிசைந்து, மெல்லிய குச்சியின்மேல் உருட்டி வெயிலில் உலர்த்துவர். மழை பெய்தால் அன்றைய வேலை நின்றுவிடும்.

இத்தொழில்கள் இன்று அருகி வருவது ஏன்? ஆலைகளில் விரைவாகவும் மலிவாகவும் ஆகும் பொருள்கள் சந்தையில் நிறைந்துள்ளமை ஒரு காரணம். நாள் முழுதும் உழைத்தும் வருவாய் குறைவாக இருத்தலால் பிள்ளைகள் வேறு தொழிலை நாடுகின்றமை மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் வாடகையாகும். இந்நகரின் பழைய கடைவீடுகள் முகப்புக் குறுகியும் உட்புறம் நீண்டும் இருக்கும். கீழே கடை, மேலே குடியிருப்பு, முன்புறம் ஐந்தடி அகலமுள்ள மூடிய நடைபாதை. தொழிலாளி அங்கேயே வாழ்ந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே விற்றான். 1948ஆம் ஆண்டுக்கு முன் எழுந்த கட்டடங்களின் வாடகையை உயர்த்தவொட்டாமல் சட்டம் காத்து நின்றது. அதனால் எளியோரும் நகரின் நடுவே வாழ முடிந்தது. ஆனால் சொற்ப வாடகையே பெற்ற உரிமையாளர் பலர் வீடுகளைப் பழுதுபார்க்க இயலாது விட்டனர். அச்சட்டம் 1997இல் நீக்கப்பெற்றது. 2000ஆம் ஆண்டு முதல் வாடகைக் கட்டுப்பாடு இல்லாது போயிற்று. வாடகை உயர்ந்தது. வீடும் தொழிற்கூடமும் ஒன்றாக இருந்தமையால், பலர் இரண்டையும் ஒருங்கே இழந்து வெளியேறினர்.

2008ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள், யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவோடு ஜார்ஜ் டவுனையும் உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பல சமயங்களும் பண்பாடுகளும் அருகருகே வாழ்ந்துவரும் மரபும் அச்சிறப்புக்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அது முதல் பழைய சுவர்கள் பாதுகாப்புப் பெற்றன; உலகெங்குமிருந்து மக்கள் வந்து காண்கின்றனர். வருவோர் பெருகவே விடுதிகளும் உணவகங்களும் பழைய கடைவீடுகளில் இடம்பெற்றன; இடத்தின் விலையும் ஏறியது. புகழ் தேடித்தந்த தொழிலாளிக்கு அப்புகழே இடமில்லாமற் செய்யும் நிலை நேர்ந்தது. சுவரைச் சட்டத்தால் காக்கலாம். கைத்திறனைக் காப்பது எங்ஙனம்?

அதற்கு வழி இல்லாமல் இல்லை. லிட்டில் இந்தியா என வழங்கும் பகுதியில் பூமாலை தொடுப்போர் இன்றும் உள்ளனர். நாள்தோறும் கோவிலுக்கும் மணவீட்டுக்கும் மாலை வேண்டியிருத்தலே அதற்குக் காரணம். வாங்குவோர் உள்ள தொழில் வாழும். கற்போர் உள்ள தொழில் வளரும். இதனை உணர்ந்து, முதிய தொழிலாளரிடம் இளைஞரைப் பயிலச் செய்யும் முயற்சிகளும் அந்நகரில் நடைபெற்றுள்ளன.

இடிந்த மாடத்தைப் படத்தைப் பார்த்து மீண்டும் எழுப்பலாம். ஆனால் உளியை எவ்வளவு சாய்த்துப் பிடிக்க வேண்டும், பிசைந்த தூளில் நீர் எவ்வளவு இருக்க வேண்டும் என்பன ஏட்டில் மட்டும் எழுதி வைக்கக்கூடியவை அல்ல. அவை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குச் செல்ல வேண்டியவை. பெறுவதற்கு ஓர் இளங்கை நீளாவிடின், முதியவரோடு அவையும் மறைந்துபோகும். ஜார்ஜ் டவுன் நகருக்கு மட்டுமன்றி, பழந்தொழில் ஒன்று எஞ்சியுள்ள ஒவ்வோர் ஊருக்கும் இது பொருந்தும்.