பற்சொத்தை நுண்ணுயிரின் பெயர்

பல் சொத்தையாயின் அதனைப் ‘பூச்சிப்பல்’ என்றல் தமிழ் மக்கள் வழக்கு. பண்டைப் பாபிலோனியரும் பல்வலிக்குப் புழுவே காரணம் எனக் கொண்டிருந்தனர். பல்லில் புழு இல்லை. எனினும் கண்ணுக்குப் புலனாகா உயிர்கள் அங்குத் தொழிற்படுகின்றன. அவற்றுள் பெரிதும் ஆராயப்பட்டது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்னும் பாக்டீரியா. இப்பெயரைத் தமிழாக்கப் புகுவார் முதற்கண் அறியவேண்டுவது ஒன்றுண்டு. பெயரின் பிற்பாதி பிழைபட்ட கருத்தினின்று பிறந்தது.

முற்பாதியில் ஐயமில்லை. முறுக்கியது, மணி என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்கள் புணர்ந்து, சரம்போல் தொடர்ந்து நிற்கும் உருண்டை உயிரணுக்களை உணர்த்தும். 1874-இல் பில்ரோத் என்னும் மருத்துவர் ஆக்கிய சொல் அது. ‘மியூட்டன்ஸ்’ என்பதோ ‘மாறுவது’ எனப் பொருள்படும் இலத்தீனச் சொல். 1924-இல் இங்கிலாந்தில் கிளார்க் என்னும் அறிஞர் சொத்தைப் பற்களினின்று இவ்வுயிரைப் பிரித்தெடுத்தார். அணுக்கள் உருண்டையாக இராது முட்டை வடிவிற் காணப்பட்டமையின், இவை திரிந்த வடிவின என எண்ணி அப்பெயரிட்டார். உண்மையில் இது திரிபன்று. தனக்கென இயல்புகள் உடைய தனி இனமே.

பெயரிற் பிழையிருப்பினும் அவர் கண்டது வீண்போகவில்லை. ஏறத்தாழ நாற்பதாண்டு அதனைப் போற்றுவார் அரியர். 1960-இல் அமெரிக்காவில் பிட்ஜெரால்டு, கீஸ் என்னும் இருவர், சொத்தையுற்ற வெள்ளெலி இன விலங்குகளின் வாயினின்று எடுத்த சரமணி உயிர்களைச் சொத்தையில்லாதவற்றின் வாயில் இட்டு, அவற்றிற்கும் நோய் உண்டாதலைக் காட்டினர். அதன்பின்னரே கிளார்க்கின் கட்டுரை மீண்டும் கருதப்படலாயிற்று.

இதன் தொழில் வியப்புக்குரியது. நாம் உண்ணும் கரும்புச் சர்க்கரையைப் பிளந்து, ஒரு கூற்றினின்று பசைப்பொருள் ஒன்றை இழைத்துப் பல்லின்மேல் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையை நொதிக்கச் செய்து லாக்டிக் அமிலம் விளைவிக்கும். அமிலநிலை எண் 5.5 அளவிற்குக் கீழிறங்கின் பல்லின் எனாமலிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். ஏனைய பல உயிர்கள் தளரும் அப்புளிப்பிலும் இது தளராது தொழிற்படும். ஆயினும் சொத்தை முழுவதையும் இதன் தலையிற் சுமத்தல் பொருந்தாது. இவ்வினம் மிகக் குறைந்த வாயிலும் சொத்தை உண்டு. அடிக்கடி இனிப்பு உண்டலால் வாயுயிர்க் கூட்டத்தின் நிலை அமிலத்தின்பாற் சாய்தலே காரணம் என்பது பின்னை ஆராய்ச்சியாளர் கொள்கை.

இனிக் கலைச்சொல். ‘சரமணி உயிர்’ என முற்பாதியைப் பெயர்த்தல் தகும், பொருளும் பொருந்தும். பிற்பாதியைத் ‘திரிவது’ எனப் பெயர்ப்பின் கிளார்க்கின் பிழையையே தமிழிற் குடியேற்றுவோம். உயிரியற் பெயரிடு விதிகள் முன்னிட்ட பெயரைப் பொருள் பிழைத்ததென்று மாற்ற இடந்தருவதில்லை. ஆதலின் அதனை ஒலியளவிற் கொண்டு ‘மியூட்டன்ஸ் சரமணி உயிர்’ என வழங்கலாம்.