பாட்டுக்கு மாத வாடகை: சட்டம் அனுமதிக்கும் சிக்கன வழிகள்

புது தில்லி: காசு கொடுத்து வாங்கிய ஒலிநாடாவும் குறுந்தகடும் வாங்கியவருக்கே சொந்தமாக இருந்தன. இன்று பாட்டு கேட்பது மாத வாடகை விவகாரமாகிவிட்டது. இசைச் செயலிக்கான சந்தா நின்றால், செல்லிடப்பேசியில் பதிவிறக்கி வைத்த பாடலும் ஒலிக்காது. மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய்தானே என்று பலர் கணக்குப் பார்ப்பதில்லை. தொகை வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்தம் செய்யப்படுவதால், கேட்காத பாட்டுக்கும் பணம் போய்க்கொண்டிருக்கிறது.

இதைக் குறைக்கக் குறுக்கு வழி தேவையில்லை. நிறுவனங்களின் கட்டண விதிகளும், நுகர்வோருக்கு அரசு அமைப்புகள் அளித்துள்ள உரிமைகளும் தெரிந்திருந்தாலே போதும்.

ஒரே வீடு, ஒரே சந்தா: யூ டியூப் நிறுவனம் 2024 ஆகஸ்டில் இந்தியாவில் தனது பிரீமியம் சேவையின் தனிநபர் மாதக் கட்டணத்தை ரூ.129-லிருந்து ரூ.149 ஆகவும், குடும்பக் கட்டணத்தை ரூ.189-லிருந்து ரூ.299 ஆகவும் உயர்த்தியது. குடும்பத் திட்டத்தில் ஒரே வீட்டில் வசிக்கும் ஆறு பேர் சேரலாம். அந்த உயர்வுக்குப் பிறகான கணக்கிலும் தலைக்கு ரூ.50-க்குக் குறைவாகவே வருகிறது. அதே வீட்டில் மூவர் தனித்தனியே சந்தா கட்டினால் மாதம் ரூ.447 ஆகும். வேறு சில இசைச் சேவைகளிலும் குடும்பத் திட்டம் உண்டு. கல்லூரி மாணவர்கள், தாங்கள் படிப்பதை உறுதிப்படுத்தினால் சலுகைக் கட்டணம் பெறலாம்.

மாதமா, ஆண்டா?: ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகச் செலுத்துவதும் லாபமே. யூ டியூபின் 2024-ஆம் ஆண்டு உயர்வின்படி தனிநபர் ஆண்டுக் கட்டணம் ரூ.1,490. மாதந்தோறும் செலுத்தினால் ரூ.1,788. மிச்சம் ரூ.298. ஆயினும், இத்துறையில் எந்தச் சேவையும் நிலையானதல்ல என்பதையும் மறக்கலாகாது. கானா 2022-இல் இலவசச் சேவையைக் கைவிட்டுக் கட்டணச் சேவையாக மாறியது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியுடன் இந்தியாவில் மூடப்பட்டது. ஏர்டெல் நிறுவனம் விங்க் மியூசிக்கை மூடும் முடிவை அதே ஆண்டு ஆகஸ்டில் அறிவித்தது. எனவே, நன்கு பழகிய சேவைக்கு மட்டும் ஆண்டுச் சந்தா செலுத்துவதே விவேகம்.

இரட்டைச் செலவு: ஒரே பயனுக்கு இரண்டு இடங்களில் பணம் கட்டுவோரும் உள்ளனர். யூ டியூப் பிரீமியம் சந்தாவிலேயே அதன் இசைச் செயலியும் அடங்கும். அமேசான் பிரைம் உறுப்பினர் கட்டணத்திலும் இசைச் சேவை உண்டு. தொலைபேசி நிறுவனங்களின் சில ரீசார்ஜ் திட்டங்களிலும் இசைச் சந்தா சேர்ந்தே வருகிறது. கையில் ஏற்கெனவே இருப்பது என்ன என்று பார்த்த பிறகே புதிய சந்தாவை நாட வேண்டும். விளம்பரம் இடையூறு அல்ல என்போருக்கு இலவசச் சேவைகள் உள்ளன. வானொலி போதும் என்போர், ஆகாசவாணி ஒலிபரப்புகளைப் பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் கட்டணமின்றிக் கேட்கலாம்.

ரிசர்வ் வங்கியின் பிடி: தொடர் பிடித்தங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதிமுறைகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தன. அவற்றின்படி, பிடித்தம் செய்வதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். அதைக் கண்டதும் பிடித்தத்தை நிறுத்தும் உரிமை அவருக்கு உண்டு. தொகை மாறக்கூடிய ஒப்புதலில் உச்சவரம்பையும் அவரே நிர்ணயிக்கலாம். குறுந்தகவலைப் படிக்காமல் கடந்து போவோருக்கு இந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான். செயலியை நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்பது தவறான நம்பிக்கை. செயலியின் கணக்குப் பகுதியில் சந்தாவை ரத்து செய்து, வங்கியிலோ யுபிஐ செயலியிலோ கொடுத்த ஒப்புதலையும் திரும்பப் பெற வேண்டும்.

சேருவது எளிது, விலகுவது கடினம் என்று அமைக்கப்பட்ட சந்தாப் பொறியை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. அத்தகைய சிக்கலில் மாட்டியவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம்.

எது சிக்கனமல்ல?: முன்பின் அறியாதவர்களிடம் குடும்பத் திட்ட இடத்தை விலைக்கு வாங்குவது நிறுவன விதிகளுக்கு முரணானது, கணக்கு முடக்கப்பட்டால் கொடுத்த பணம் திரும்பாது. பாதுகாப்புப் பூட்டை உடைத்து உலவ விடப்படும் போலிச் செயலிகள் அதைவிட ஆபத்தானவை. பதிப்புரிமையை மீறும் நோக்கில் அத்தகைய பூட்டை உடைப்பதை, 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது.

பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி பாதுகாத்ததும் அதே திருத்தம்தான். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். நேர்வழியில் கேட்கப்படும் பாட்டின் வருவாயில், அதை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய பங்குக்கு வழி இருக்கிறது. போலிச் செயலியில் கேட்கப்படும் பாட்டில் அதுவும் இல்லை.

சந்தாவைச் சுருக்குவது நுகர்வோரின் உரிமை. படைத்தவரின் பங்கில் கைவைக்காமலேயே அதைச் செய்ய முடியும் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.