கழுத்துக் கட்டி: அஞ்சவும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்

கழுத்தில் ஒரு கட்டி தோன்றினால், "வலிக்கவில்லையே, தானாக அமுங்கிவிடும்" என்று முந்தானையால் மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. "புற்றுநோய்தான்" என்று தாமே தீர்ப்பெழுதி உறக்கத்தை இழப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு, வாசகர்களே!

குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைராய்டு சுரப்பி. உடம்பின் சூட்டையும் சுறுசுறுப்பையும் நடத்துவது இதில் சுரக்கும் நீர்தான். இதில் வரும் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது தீங்கற்றவை. மிச்சத்தில்தான் புற்று. அதுவும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். இந்தியாவில் இந்நோய் மிகுதியாகக் காணப்படும் இடங்களில் கேரளத்தின் திருவனந்தபுரம் ஒன்று.

புற்று எப்படி வளர்கிறது? நம் தோட்ட ஆபீசை எண்ணிப் பாருங்கள். பெரிய பதிவேடு உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதைப் பார்த்துக் கிராணி சீட்டு எழுதுகிறார். சீட்டின்படி வேலை நடக்கிறது. உயிரணுவில் டி.என்.ஏ.தான் பதிவேடு; ஆர்.என்.ஏ.தான் சீட்டு, அதன்படி உருவாவது புரதம்.

ஆனால், புரதம் எதையும் செய்யச் சொல்லாத சீட்டுகளும் உண்டு. இவற்றை நெடுங்காலம் யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1993ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ரவ்குன் இருவரின் ஆய்வுக்கூடங்களும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில், இத்தகைய குட்டிச் சீட்டு ஒன்று வேறொரு சீட்டைப் பிடித்து வேலையை நிறுத்துவதைக் கண்டன. ஆக, இவை வெற்றுச் சீட்டுகள் அல்ல. "போதும், நிறுத்து" என்று சொல்லும் மண்டோர்கள்! 'மைக்ரோ ஆர்.என்.ஏ.' எனப்படும் இவற்றைக் கண்டதற்காக 2024இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தைராய்டுப் புற்றில் அதிகமாக வருவது 'பாப்பிலரி' வகை. அதில் 146, 221, 222 ஆகிய எண்களுள்ள குட்டிச் சீட்டுகள் அளவுமீறிப் பெருகியிருப்பது 2005இல் தெரியவந்தது. பெரும்பாலும் முதற்கோளாறு பதிவேட்டில்தான் ஏற்படுகிறது. இந்தச் சீட்டுகள் அதற்குத் துணைபோகின்றன. உயிரணு பெருகாமல் பிரேக் போடும் 'பி27' என்னும் புரதத்தை 221, 222 இரண்டும் அடக்கிவிடுகின்றன. பிரேக் இல்லாத லோரி என்னவாகும்?

இதனால் நமக்கென்ன பயன்? கட்டியில் மெல்லிய ஊசி செலுத்திச் சோதிக்கும்போது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. சந்தேகத்துக்காகவே அறுவை செய்து, பிறகு தீங்கற்ற கட்டி என்று தெரிந்தவர்கள் பலர். சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டால் ஆயுள் முழுவதும் மாத்திரைதான். அந்த ஊசியில் வந்த துளியிலேயே குட்டிச் சீட்டுகளை அளந்து பார்க்கும் சோதனை அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்துவிட்டது. வீண் அறுவையைத் தவிர்க்க அது உதவுகிறது.

சுங்கை செம்பிலாங், ஜெராம் வட்டாரத்துத் தாய்மார்களே! கண்ணாடி முன் நின்று, தலையைச் சற்று அண்ணாந்து, ஒரு வாய் தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். விழுங்கும்போது கட்டி மேலேறி இறங்கினால் அது தைராய்டைச் சேர்ந்ததாக இருக்கலாம். பத்துப் போட்டு நாளைக் கடத்தாமல் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். கட்டி கல்லாக இறுகினாலோ, விரைந்து வளர்ந்தாலோ, குரல் கம்மினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

பாப்பிலரி வகையை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். மூடிவைக்கும் முந்தானை நோயைத் தடுக்காது. காலத்தோடு காட்டிய கழுத்தே பிழைக்கும்.