நிருபர் துப்பறிந்த வானொலி நாடகங்கள்

1930களின் பிற்பகுதி முதல் 1950களின் நடுப்பகுதி வரை அமெரிக்க வானொலியில் குற்ற நாடகங்கள் கொடிகட்டிப் பறந்தன. அவற்றுள் செய்தித்தாள் நிருபரை நாயகனாகக் கொண்டவை தனி வகையாக வளர்ந்தன. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் ஒரு குற்றம் நிகழும், நிருபர் விசாரிப்பார், அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் உண்மை வெளிப்படும்.

நிருபர் வானொலிக்கு வாகான நாயகன். காட்சி இல்லாத ஊடகத்தில் எதையும் யாராவது சொல்லியாக வேண்டும். கேள்வி கேட்பதும், கண்டதைச் சொல்வதும்தான் நிருபரின் தொழில். அவர் கேட்கும் கேள்விகளே உரையாடலாயின. எழுதும் செய்தியே கதை சொல்லும் குரலாயிற்று. கைது செய்யும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. எனவே பிறரைப் பேசவைத்தே உண்மையை வரவழைக்க வேண்டியிருந்தது. தட்டச்சுப் பொறி, தொலைபேசி மணி, அச்சு இயந்திரத்தின் இரைச்சல் ஆகிய மூன்றும் காதில் விழுந்தாலே பத்திரிகை அலுவலகம் கேட்பவர் மனத்தில் எழுந்துவிடும்.

இந்த வகைக்குப் பரவலான புகழ் தேடித்தந்தது 1937-இல் சி.பி.எஸ். வானொலியில் தொடங்கிய 'பிக் டவுன்'. 'இல்லஸ்ட்ரேட்டட் பிரஸ்' என்ற கற்பனை நாளிதழின் ஆசிரியர் ஸ்டீவ் வில்சனாக நடித்தவர் எட்வர்ட் ஜி. ராபின்சன். திரையில் தாதா வேடத்தால் பெயர்பெற்றவர், இங்கே ஊரைச் சுரண்டும் கும்பல்களை எதிர்க்கும் பத்திரிகையாளரானார். அவர் 1942-இல் விலகிய பின் எட்வர்ட் பாலி அந்த வேடத்தை ஏற்றார்.

1943-இல் சி.பி.எஸ்.ஸில் வந்த தொடரின் நாயகன் கேசி, எழுதும் நிருபரல்லர். 'மார்னிங் எக்ஸ்பிரஸ்' நாளிதழின் புகைப்படக்காரர். ஜார்ஜ் ஹார்மன் காக்ஸ் 'பிளாக் மாஸ்க்' இதழில் எழுதிய சிறுகதைகளில் பிறந்த பாத்திரம் இது. எடுத்த படத்தில் தற்செயலாகச் சிக்கிய ஒரு பொருள் துப்பாக அமைவதுண்டு. வழக்கு முடிந்ததும் கேசியும் சக நிருபர் ஆன் வில்லியம்ஸும் 'புளூ நோட்' மதுக்கடையில் பியானோ இசைக்கிடையே பேசிக்கொள்வார்கள்.

1950-இல் என்.பி.சி. ஒலிபரப்பத் தொடங்கிய 'நைட் பீட்' தொனியில் வேறுபட்டது. பிராங்க் லவ்ஜாய் நடித்த ராண்டி ஸ்டோன், சிகாகோ நகரின் இரவுகளில் செய்தி தேடி அலைவார். கொலைகாரனைப் பிடிப்பதைவிட, தனிமையிலும் பயத்திலும் தவிக்கும் மனிதர்களுக்கே இதில் முதலிடம்.

மேற்கண்டவை கற்பனை என்றால், 1947-இல் என்.பி.சி.யில் தொடங்கிய 'தி பிக் ஸ்டோரி' உண்மை வழக்குகளை நாடகமாக்கியது. அதற்குத் தூண்டுதலாக அமைந்தது ஒரு வழக்கு. சிகாகோவில் ஜோசஃப் மாய்செக் என்பவர் 1932-இல் நடந்த போலீஸ்காரர் கொலைக்காக 99 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றிருந்தார். தரை துடைத்துப் பிழைத்த அவருடைய தாய், உண்மைக் கொலையாளிகளைக் காட்டித்தருவோருக்கு 5,000 டாலர் பரிசளிப்பதாக 1944-இல் 'சிகாகோ டைம்ஸ்' நாளிதழில் விளம்பரம் கொடுத்தார். அந்த விளம்பரத்தைப் பின்தொடர்ந்து இரு நிருபர்கள் எழுதியதன் விளைவாக மாய்செக் 1945-இல் விடுதலையானார். இத்தகைய வழக்குகளைத் தேடியெடுத்த நிகழ்ச்சி, நிருபரின் உண்மைப் பெயரைச் சொல்லி, மற்றவர்களின் பெயர்களை மாற்றியது. அந்த நிருபருக்கு 500 டாலர் பரிசும் வழங்கப்பட்டது.

தொலைக்காட்சி பரவியதும் 'தி பிக் ஸ்டோரி' 1949-இலும், 'பிக் டவுன்' 1950-இலும், கேசி 1951-இலும் திரைக்கு வந்தன. கேசி ஓராண்டில் முடிந்தது. 'பிக் டவுன்' 1956 வரையும், 'தி பிக் ஸ்டோரி' 1958 வரையும் நீடித்தன. விளம்பரதாரர்களும் நேயர்களும் தொலைக்காட்சிப் பக்கம் நகர, வானொலி வடிவங்கள் 1955-க்குள் நின்றுபோயின. பல நிகழ்ச்சிகள் நேரலையாகவே ஒலிபரப்பானதால் பெரும்பகுதி இன்று கிடைப்பதில்லை. இசைத்தட்டுகளில் பதிவானவற்றுள் தப்பியவை மட்டுமே இப்போது கேட்கக் கிடைக்கின்றன.