ஐசியூவில் காத்திருக்கும் கிருமி: கடைசி மருந்தும் கைவிட்டால் டாக்டர்கள் என்ன செய்வார்கள்?

ஏலகிரியில் வீக்கெண்ட் முடித்து இறங்கும்போது தொண்டை கரகரன்னு இருக்கு. ஜோலார்பேட்டை பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வண்டியை நிறுத்தி, "அண்ணே, ஏதாச்சும் ஆன்டிபயாடிக் குடுங்க" என்கிறோம். தொண்டைவலி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதை அந்த மாத்திரை தொடக்கூட முடியாது. ஆனால் நம் குடலில் இருக்கும் பாக்டீரியாக்களை அது வடிகட்டிவிடும். மருந்துக்குப் பணிகிறவை சாகும், தாங்குகிறவை பெருகும்.

சும்மா இருந்த கிருமி ஏன் கொல்கிறது?

கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ். இவற்றைச் சந்தர்ப்பவாதக் கிருமிகள் என்கிறார்கள். குடல், மண், தண்ணீர், ஆஸ்பத்திரி சிங்க் என எங்கும் இருக்கும். ஆரோக்கியமாக இருப்பவரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. கீமோ எடுப்பவர், வென்டிலேட்டரில் இருப்பவர், குறைமாதக் குழந்தை என உடம்பு தளர்ந்த இடம் பார்த்து உள்ளே நுழையும்.

இந்தக் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் 2008-ல் கண்டறியப்பட்டது என்டிஎம்-1 என்ற நொதி. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையே அது உடைத்துப்போட்டது. 2010-ல் 'லான்செட்' குழும இதழில் வந்த ஆய்வு, சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் இது இருப்பதாகச் சொன்னது. முதன்மை ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். 'நியூடெல்லி' என்று பெயர் வைத்ததற்குத்தான் இங்கே பெரிய சண்டை நடந்தது. கிருமி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. இந்த மரபணு பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் உட்கார்ந்திருப்பதால், ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குப் பென் டிரைவ் மாதிரி கைமாற்றிவிடும்.

அப்போ சிகிச்சை?

முதல் வேலை கல்ச்சர் டெஸ்ட். ரத்தத்திலோ சிறுநீரிலோ கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்கள். ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும். ஆபத்தான நிலையில் இருப்பவருக்கு அதுவரை காத்திருக்க முடியாது. அந்த ஊரில், அந்த வார்டில் எந்தக் கிருமி எதற்கு மசியும் என்ற கணக்கை வைத்து மருந்தைத் தொடங்கிவிட்டு, ரிப்போர்ட் வந்ததும் மாற்றுவார்கள். அந்தக் கணக்கைத் தேசிய அளவில் திரட்டும் ஐசிஎம்ஆர் கண்காணிப்பு வலையமைப்பில் வேலூர் சிஎம்சியும் இருக்கிறது.

கார்பபெனெம் கைவிட்டால் பழைய கோலிஸ்டின் வெளியே வரும். சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று ஒருகாலத்தில் ஓரங்கட்டிய மருந்து இது. இதையே கோழிப் பண்ணைகளிலும் கொடுத்துக்கொண்டிருந்தோம். 2019-ல்தான் மத்திய அரசு தடை போட்டது.

இன்னொரு வழி கூட்டணி. அஸ்ட்ரியோனமை என்டிஎம்-ஆல் உடைக்க முடியாது, ஆனால் அதே கிருமியிடம் இருக்கும் வேறு நொதிகள் உடைத்துவிடும். அவற்றைத் தடுக்க அவிபேக்டம் கூடப் போகிறது. சென்னை ஆர்க்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெட்டாசோபேக்டம், செஃபெபைமுடன் சேர்ந்து 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இஎஸ்பிஎல் வகைக் கிருமிகளுக்கு அது உதவும்; என்டிஎம்-க்கு உதவாது.

ஐசியூவில் உங்கள் ஆள் யாராவது இருந்தால் டாக்டரிடம் தயங்காமல் இரண்டு கேள்வி கேட்கலாம். கல்ச்சர் அனுப்பியாச்சா? யூரின் டியூப் இன்னும் தேவையா, எடுத்துடலாமா? உள்ளே போகும்போதும் வரும்போதும் கை கழுவுங்கள்.