வைரஸின் வெற்றுக்கூட்டிலிருந்து ஒரு தடுப்பூசி

போலியோ, தட்டம்மை வைரஸ்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துத்தான் தடுப்பூசி செய்தார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் அப்படி வளர மறுத்தது. தொற்று கண்டவர்களின் ரத்தத்தில்தான் அது தாராளமாகக் கிடைத்தது.

அந்த ரத்தமே வழியும் காட்டியது. 1960களில் அமெரிக்க மருத்துவர் பாரூக் பிளம்பர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதுப் புரதம் ஒன்றைக் கண்டார். அது இந்த வைரஸின் மேலுறை என்பது பின்னால்தான் தெரிந்தது. முழு வைரஸின் குறுக்களவு 42 நானோமீட்டர். ரத்தத்தில் அதைவிடப் பன்மடங்கு அதிகமாக மிதப்பவை 22 நானோமீட்டர் உருண்டைகள். அவை வெறும் உறை. உள்ளே மரபணு கிடையாது. நெல்லைவிடப் பதர் மிகுந்த களம் போன்றது அந்த ரத்தம். பதரால் நோய் வராது. ஆனால் நம் எதிர்ப்புச் சக்தி எதிரியை அடையாளம் கண்டுகொள்ள அந்தப் பதரே போதும்.

ஆக, பதரை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். 1969இல் பிளம்பர்க்கும் இர்விங் மில்மனும் இந்த யோசனைக்குக் காப்புரிமை கோரினார்கள். மெர்க் நிறுவனத்தின் மாரிஸ் ஹில்மன் அதைச் செய்து காட்டினார். ரத்தப் பிளாஸ்மாவைப் பெப்சின், யூரியா, ஃபார்மலின் என மூன்று கட்டமாகப் பக்குவப்படுத்தி, உயிருள்ள கிருமி எதுவும் மிஞ்சாமல் அழித்தார். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டுதான் எய்ட்ஸ் நோயும் தெரியவந்தது. அந்தக் கிருமியும் இந்தப் பக்குவத்தில் பிழைக்காது என்றாலும், பிறர் ரத்தத்தில் செய்த ஊசி என்றதும் மக்கள் தயங்கினார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது.

விடிவு வந்தது ரொட்டி செய்யும் ஈஸ்டிலிருந்து. உறைப்புரதத்துக்கான மரபணுவை மட்டும் ஈஸ்டுக்குள் வைத்தார்கள். ஈஸ்ட் தயாரித்த புரதம் தானாகவே திரண்டு அதே போன்ற உருண்டைகளானது! 1986இல் அனுமதி பெற்ற இந்த ஊசிதான், மரபணு மாற்றத் தொழில்நுட்பத்தில் மனிதருக்காகப் பிறந்த முதல் தடுப்பூசி. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதை உள்நாட்டிலேயே தயாரிக்க, எட்டாத விலை எளியவர் கைக்கு இறங்கியது.

இந்த ஊசியில் நேரம் மிக முக்கியம். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலோர் உடல் தானே வைரஸை விரட்டிவிடும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் சிசுக்களில் சுமார் 90 சதவீதத்தினருக்கோ அது நாள்பட்ட நோயாகத் தங்கிவிடும். பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் கொண்டுவிடலாம். அதனால்தான் முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிரசவ வார்டில் போட்டாயிற்றா என்று வீட்டார் அவசியம் கேட்க வேண்டும். 6, 10, 14 வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் மற்ற டோஸ்கள் கலந்தே வந்துவிடும்.